ட்வெல்ஃப்த் ஃப்ளோர் விளக்கு

என் வாழ்நாளில் முதல்முறையாகச் சுத்தமான உச்சரிப்போடு ஆங்கிலம் பேசிய நாளை என்னால் மறக்க முடியாது. அது சிங்கப்பூரின் செங்காங் பேட்டையில், ஒரு கிரகப்பிரவேச வீட்டில். பேசி முடிப்பதற்குள் அந்த வீட்டுக் குத்துவிளக்கின் ஐந்து முகங்களும் அணைந்துவிட்டன. அந்த வீட்டுப் பெண்ணைத்தான் நான் கட்டிக்கொள்வதாக இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயத்தின் தீவிரம் புரியும்.

அப்போது நான் அருப்புக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு கட்டுமான கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. இந்தியர்கள் கூடும் தேக்கா பக்கத்தில் ஓர் அறை. அறையில் என்னோடு இருந்தவன் செல்வம், கப்பல் பட்டறையில் வெல்டர். என் ஆங்கிலம் மோசம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆபீசில் ஆளுக்கொரு நாட்டு ஆங்கிலம் பேசுவோம், யாரும் யாருக்கும் மார்க் போடுவதில்லை. கட்டடங்கள் சரியாகத்தான் எழும்பின.

நிர்மலா சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று டாக்டருக்கு இடுக்கி எடுத்துக் கொடுத்தது அவள்தான். வாயை ஆவென்று பிளந்து வைத்துக்கொண்டே காதலிக்க ஆரம்பித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பேச முடியாத நிலையில் இருந்ததால்தான் என்னை அவளுக்குப் பிடித்துப்போனது என்று செல்வம் சொல்வான். பொறாமை பிடித்தவன்.)

ஒரு வருடம் கழித்து நிர்மலா என்னை அவள் அப்பா அம்மாவிடம் காட்டினாள். இடம் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைகள். அப்பா டாக்சி ஓட்டுபவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அம்மா ஒரு தொடக்கப்பள்ளி ஆபீசில் பொறுப்பாளர். தினமும் காலையில் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பவரும் அவர்தான். எனக்கு அது ஒரு எச்சரிக்கையாகத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"சாப்பிடுங்க தம்பி, ரொம்ப யோசிக்காதீங்க லா," என்று அங்கிள் சிங்கப்பூர் 'லா'வோடு பரோட்டாவை என் பக்கம் தள்ளினார்.

"எங்களுக்குப் புது வீடு கிடைச்சிருக்கு. செங்காங்ல, பன்னெண்டாவது மாடி," என்றார் ஆன்ட்டி.

இவர் தமிழில் சொன்னதற்கு நான் தமிழிலேயே பதில் சொல்லித் தொலைத்திருக்கலாம். பெண் பார்க்க வந்தவன் படித்தவன் என்று தெரிய வேண்டாமா? "ஓ, டுவல்த் ப்ளோர்! பைன் வியூ ஆன்ட்டி!" என்றேன்.

ஆன்ட்டி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ட்வெல்ஃப்த். ஃப்ளோர். ஃபைன். வியூ," என்றார். என்னிடம் சொல்லவில்லை. பொதுவாகக் காற்றில், சொல்வதெழுதுதல் போடுகிற மாதிரி. அங்கிள் அவசரமாக இன்னொரு பரோட்டா வாங்கப் போய்விட்டார்.

அன்று மாலை நிர்மலா போனில் சொன்னாள். "அம்மாவுக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. ஆனா கல்யாண டின்னர்ல மாப்பிள்ளை மைக் புடிச்சு ஸ்பீச் கொடுக்கணும்ல? அம்மாவோட ஸ்கூல் ஆளுங்க எல்லாரும் வருவாங்க. அதான் யோசிக்கிறாங்க."

"இப்ப என்ன செய்யணும்?"

"ஆறு வாரத்துல கிரகப்பிரவேசம். கிச்சனுக்கு நீங்கதான் டிராயிங் போட்டுத் தரணுமாம். வீட்டு வேலையில கூட நின்ன ஆளுன்னு சொல்லி, எங்க வீட்டு சார்பா ஒங்கள ஒரு தேங்க் யூ ஸ்பீச் கொடுக்க வச்சுப் பார்ப்பாங்களாம். அதுக்கப்புறம்தான் முடிவு."

அதாவது என் கல்யாணம் ஓர் உச்சரிப்புத் தேர்வில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவுச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தேன். பிறகு யூடியூப்பைத் திறந்தேன்.

ஒரு வெள்ளைக்கார அம்மையார் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஆங்கிலத்தில் உரசொலிகள் என்று ஒரு குடும்பம் இருக்கிறதாம். மொத்தம் ஒன்பது பேர், நவகிரகம் மாதிரி. நாம் 'ப' என்றால் உதட்டை மூடிக் காற்றை அடைத்துவிட்டு டப்பென்று திறக்கிறோம். அவர்களோ கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுக் காற்றை இடுக்கு வழியாக உரச விடுகிறார்கள். 'ஃப' வேண்டுமென்றால் மேல்வரிசைப் பற்களைக் கீழுதட்டில் வைத்து ஊத வேண்டும். அதே நிலையில் தொண்டை அதிர்ந்தால் 'வ'. 'தேங்க்' என்பதற்கு நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே நீட்ட வேண்டும். (எங்கள் ஊரில் பெரியவர்கள் முன்னால் இதைச் செய்தால் பழிப்புக் காட்டுகிறான் என்று முதுகில் ஒன்று விழும்.) 'ஹ' ஒன்றுதான் எனக்குச் சுலபமாக வந்தது. மூக்குக் கண்ணாடி துடைப்பவன் எவனுக்கும் அது வரும்.

அந்த அம்மையார் ஒரு மெழுகுவத்தியை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஒலியாகச் சொன்னார். சுடர் லேசாக நடுங்கியது. நடுங்கினால் சரியாகச் சொல்கிறீர்கள் என்று பொருள் என்றார்.

இந்த இடத்தில்தான் நாங்கள் தமிழர்கள் என்பதை நிரூபித்தோம். "நடுங்குனா பாஸ் மார்க்குடா," என்றான் செல்வம். "அணைஞ்சாத்தான் டிஸ்டிங்ஷன்."

மறுநாளே மெழுகுவத்தி பாக்கெட் வாங்கி வந்தோம். வேலை முடிந்து வந்ததும் செல்வம் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்காருவான். நான் எதிரே முட்டிபோட்டு "ஃபிஃப்டீன், தேர்ட்டீன், ட்வெல்ஃப்த்" என்று சுடுவேன். முதல் வாரம் சுடர் என்னைச் சட்டை செய்யவில்லை. இரண்டாம் வாரம் நடுங்கியது. நான்காம் வாரம் ஒரு முழ தூரத்திலிருந்து 'ட்வெல்ஃப்த்' என்றால் அணைந்தது. செல்வம் கண்கலங்கிவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் இன்னும் வேகம் வருகிறது என்று கண்டுபிடித்தவனும் அவனே. அவன் வெல்டர், நெருப்பைப் பற்றி அவனுக்குத் தெரியாததா என்று நான் நம்பினேன்.

கிச்சன் அளவெடுக்கச் செங்காங் போகும்போது ரயிலில் கூட நேரத்தை வீணாக்கவில்லை. தொண்டையில் கைவைத்து 'ஸூ, ஸூ' என்று அதிர்வைச் சோதித்துக்கொண்டே போவேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த சீன ஆன்ட்டி ஒருவர் பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

கீழுதடு புண்ணாகிப்போனது. நிர்மலா கிளினிக் பழக்கத்தில் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"யார் கடிச்சது?"

"நானேதான்."

"ஒங்களுக்கு என்னதான் பிரச்சினை?" என்று களிம்பு கொடுத்தாள். அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து அவளும் அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

கிரகப்பிரவேச நாள் வந்தது. விடியற்காலையில் ஹோமம் முடிந்துவிட்டது. நான் பதினோரு மணிக்குப் புதுச் சட்டையோடு போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குள் காலை வைத்ததும் குப்பென்று புழுக்கம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை. ஏர்கான் இன்னும் மாட்டவில்லை. சோபா கூட வராத ஹாலில் முப்பது பேர் சுவரோரமாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியின் தலைமையாசிரியர், ஒரு சீனப் பெண்மணி, அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஹாலின் நடுவே இருந்த குத்துவிளக்குக்காக. வெண்கல விளக்கு, ஐந்து முகம், மணைமேல் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது.

"ஃபேன் சுவிட்ச்சுல யாரும் கை வைக்காதீங்க," என்று ஆன்ட்டி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "புது வீட்டுல மொதல் விளக்கு. சாயங்காலம் வரைக்கும் நின்னு எரியணும்."

அங்கிள் நாற்காலிமேல் ஏறி நின்று, கூரையில் இருந்த புகை அலாரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் குளியல் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹோமப் புகைக்குக் கத்தாமலிருக்கக் காலையில் மாட்டி வைத்ததாம். "புகை எல்லாம் போயிடுச்சு, இனிமே பயமில்ல லா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்.

பன்னிரண்டு மணிக்கு ஆன்ட்டி மைக்கை என் கையில் கொடுத்தார். "விளக்கு பக்கத்துல நில்லுங்க தம்பி. போட்டோ நல்லா வரும்."

கணக்கைக் கவனியுங்கள். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். மணையோடு சேர்த்து விளக்கு நாலடி. நிமிர்ந்து நின்று பேசியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் பெரியவர்களுக்கு நன்றி சொல்லும்போது குனிந்து கும்பிட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறதே. மைக்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டு, இடுப்பை வளைத்து, செல்வம் சொன்னபடி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஃப்ரெண்ட்ஸ், ஃபேமிலி, அண்ட் நெய்பர்ஸ் ஆஃப் தி ட்வெல்ஃப்த் ஃப்ளோர்!"

ஆகா, என்ன சுத்தம்! ஒவ்வொரு 'ஃப'வும் உதட்டிலிருந்து சீறிப் பாய்ந்தது. கூட்டத்தில் "ஆ" என்று ஒரு மூச்சு கேட்டது. மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். (முதல் முகம் போயிருந்தது.)

"ஃபர்ஸ்ட், ஐ தேங்க் தி ஃபாதர் ஆஃப் திஸ் ஃபேமிலி!"

இரண்டாவது போயிற்று. யாரோ "ஐயோ" என்றார்கள். தமிழர்கள் உணர்ச்சிவசப்பட்டால் ஐயோ என்பது உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விருந்தினர்கள் நாலு சுவரோரமும் நிற்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவது மரியாதை இல்லை. ஆகவே கண்ணைத் திறக்காமலே, கும்பிட்ட கையோடு, விளக்கை வலம் வந்தேன். பள்ளிக்காரர்களுக்கு ஒரு 'தேங்க்'. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு ஒரு 'தேங்க்'. சமையல் செய்தவர்களுக்கு 'ஃபார் தி ஃபைன் ஃபூட்' என்று மூன்று 'ஃப' தொடராக. நவகிரகம் சுற்றுகிறவன் கூட இவ்வளவு சிரத்தையாகச் சுற்றமாட்டான்.

அடுத்த வரிதான் முக்கியமான வரி. ஆன்ட்டிக்கு நன்றி. அதற்காகவே ஆறு வாரம் உதட்டைப் புண்ணாக்கியிருந்தேன். மூச்சை நன்றாக இழுத்தேன். இழுத்த மூச்சில் எண்ணெய்த் திரி கருகுகிற வாசனை வந்தது.

கண்ணைத் திறந்தேன். ஐந்து திரிகளிலிருந்தும் ஐந்து புகைக்கோடுகள் நிதானமாகக் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. முப்பது பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிள் மட்டும் கையில் இருந்த குளியல் தொப்பியையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பீப் பீப் பீப் என்று அலாரம் அலற ஆரம்பித்தது. அதன் மொழியில் உரசொலியே கிடையாது என்பதை அந்த நிலையிலும் கவனித்தேன்.

தமிழ் வீட்டில் விளக்கை அணைப்பது என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள். மலையேற்றுவது என்பார்கள். அதையும் பூவின் காம்பால் செய்ய வேண்டும், அல்லது ஒரு சொட்டுப் பால் விட வேண்டும். வாயால் ஊதினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பிள்ளைகளை அதட்டி வளர்ப்பார்கள். நான் புது வீட்டின் முதல் விளக்கை, உச்சி வேளையில், மைக் வைத்து ஊதியிருக்கிறேன்.

அங்கிள் நாற்காலியில் ஏறி அலாரத்தின் வாயில் தொப்பியைத் திணித்தார். ஆன்ட்டி திரும்பிக் கிச்சனுக்குள் போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கிச்சனுக்குள் போய்விட்டார்.

"ஐயரே, இது தோஷமா?" என்று யாரோ கேட்டார்கள். ஹோமம் செய்துவிட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த ஐயர் நன்றாக யோசித்தார். "வாயால ஊதினா தோஷம். இவர் ஊதலையே, பேசினார். இங்கிலீஷைப் பத்தி சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலை," என்றார். சிலர் சிரித்தார்கள். நிர்மலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கிச்சன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். ஆன்ட்டி நான் வரைபடம் போட்ட அடுப்பு மேடையில் கைகளை ஊன்றி நின்றார். கையில் ஒரு டிஷ்யூ.

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

"ஒரு நாள்தான் தம்பி," என்றார், திரும்பாமலே. "ஒரே ஒரு நாள் நின்னு எரியணும்னு ஆசைப்பட்டேன். எங்க பிரின்சிபலையே வேர்க்க விட்டேன். ஃபேனைக் கூடப் போட விடல."

அப்போதுதான் எனக்கு உண்மையில் உறைத்தது. அதுவரை என் கல்யாணம் போய்விடுமே என்றுதான் பதறிக்கொண்டிருந்தேன். இப்போது இவருடைய ஆசையை அணைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"டுவல்த் ப்ளோர்னு சொன்னப்ப ஒங்க மொகம் மாறிப்போச்சு ஆன்ட்டி. ஒங்க ஸ்கூல் ஆளுங்க முன்னாடி ஒங்கள தலைகுனிய விட்டுறக் கூடாதுன்னு ஆறு வாரமா பழகினேன். மெழுகுவத்தி வச்சு." உதட்டை இழுத்துப் புண்ணைக் காட்டினேன்.

திரும்பிப் பார்த்தார். "மெழுகுவத்தியா? எதுக்கு?"

"சரியா சொன்னா அது நடுங்கணுமாம். நாங்க அணையுற வரைக்கும் பழகிட்டோம். அணைஞ்சாத்தான் டிஸ்டிங்ஷன்னு செல்வம் சொன்னான்."

ஆன்ட்டி டிஷ்யூவால் மூக்கைத் துடைத்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பேசும் குரலில், "எங்க, சொல்லுங்க. ட்வெல்ஃப்த் ஃப்ளோர்," என்றார்.

சொன்னேன். பயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே வந்துவிட்டது. அவர் கையிலிருந்த டிஷ்யூ படபடத்துப் பறந்து போய்ப் புது சிங்க்கில் விழுந்தது.

அவர் சிங்க்கைப் பார்த்தார். முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, அப்புறம் அடக்க முடியாமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிர்மலா பயந்து ஓடி வந்தாள்.

"எங்க ஸ்கூல்ல ஒரு ஆள் இவ்வளவு சுத்தமா சொன்னதில்ல நிர்மலா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "வாங்க. இந்த வீட்டு விளக்க நீங்கதான் திரும்ப ஏத்தணும். ஆனா ஒண்ணு, வாயை மூடிக்கிட்டு ஏத்தணும்."

உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு ஐந்து முகத்தையும் ஏற்றினேன். மாலை வரை விளக்குப் பக்கத்திலேயே காவல் இருந்தேன், ஒரு சொல் பேசவில்லை. தலைமையாசிரியர் வந்து ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போகும்போது அவர் ஆன்ட்டியிடம், பையன் ரொம்ப அமைதி, நல்ல வளர்ப்பு என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

கல்யாண டின்னரில் ஸ்பீச் கொடுத்தேன். நான் மைக்கைத் தொடுவதற்கு முன்பே, மாமாவாகிவிட்ட அங்கிள் மேடையில் இருந்த குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அத்தையாகிவிட்ட ஆன்ட்டியின் குரல் வரும்: "மாப்பிள்ள, விளக்கு எரியுது, தமிழ்ல பேசுங்க." எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் மெழுகுவத்தியை ஊதும் வேலை எனக்குத்தான். வயதை ஆங்கிலத்தில் சொன்னால் போதும்.

போன மாதம் அத்தைக்கு அறுபது. அதே செங்காங் வீடு, அதே ஹால். கேக்கின் மேல் ஆறும் சைபருமாக இரண்டு மெழுகுவத்திகள். நான் வழக்கம்போல வயதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க," என்றார் அத்தை. "அன்னைக்கு எல்லாருக்கும் தேங்க்ஸ் சொன்னீங்க. எனக்கு மட்டும் சொல்லல. அலாரம் அடிச்சிருச்சு. ஞாபகம் இருக்கா?"

இவ்வளவு வருடமாக அதை மனதில் வைத்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அடைத்த தொண்டையில் உரசொலி வராது என்பது அன்று நான் புதிதாகக் கற்றுக்கொண்ட பாடம். இரண்டு முறை முயன்றும் வாய்தான் திறந்தது, சுடர் அசையக்கூட இல்லை.

"அவசரமில்ல லா, நிதானமா சொல்லுங்க," என்றார் மாமா. அவர் ஏற்கெனவே நாற்காலிமேல் ஏறி, அலாரத்துக்குக் குளியல் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

குனிந்து, கைகூப்பி, இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "தேங்க் யூ, அத்தை" என்றேன். ஆறும் சைபரும் ஒன்றாக அணைந்தன.